ஜெர்மனியில் பிள்ளைகளோடு முதல் கிறிஸ்துமஸ்: ஊர்ப் பண்டிகை போல இருக்குமா?

குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்து முதல் கிறிஸ்துமஸ், பிள்ளைகளுக்குப் பண்டிகை வந்ததே தெரியாமல் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் போகாது. ஆனால் இங்கே பண்டிகை நடக்கும் விதமே வேறு. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனசு வாடாது.

எங்களுக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துப் பொறையார். பல வருஷமாக ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி மாநிலத்து டிரெஸ்டன் நகரில் இருக்கிறோம். ஊரில் கிறிஸ்துமஸ் என்றாலே சத்தம்தான். ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ், வேட்டு, விடியற்காலை ஆராதனை, புதுத்துணி, பிரியாணி, வீடு வீடாகப் போகும் பலகாரத் தட்டு. இங்கே 24ஆம் தேதி இருட்டினால் தெருவில் ஆள் நடமாட்டமே குறைந்துவிடும். புதிதாக வந்தவர்களுக்கு "என்னடா இது, நம்மை ஊரே ஒதுக்கிவிட்டதா" என்று தோன்றும். ஒதுக்கவில்லை. இவர்களுக்கு முக்கியமான நேரமே அந்தச் சாயங்காலம்தான். கோயிலுக்குப் போய்வந்து, மரத்தில் விளக்கேற்றி, பரிசு பிரித்து, பல வீடுகளில் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டு, தங்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள்.

வெளியில் நடக்கும் கொண்டாட்டமெல்லாம் அதற்கு முந்தைய நாலு வாரத்தில். பிள்ளைகளை அப்போது வெளியே கூட்டிப் போங்கள். டிரெஸ்டனின் ஷ்ட்ரீட்ஸல்மார்க்ட் என்ற கிறிஸ்துமஸ் சந்தை 1434இல் தொடங்கியது, இன்றும் கூட்டம் நெரிகிறது. அட்வென்ட் என்று சொல்லும் அந்த நாலு வாரத்தில், ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில் வைக்கும் பச்சை இலை வளையத்தில் எரியும் மெழுகுவர்த்தி ஒன்று கூடும். டிசம்பர் 5 ராத்திரி பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தால், மறுநாள் நிக்கோலவுஸ் என்ற புனிதர் சாக்லேட்டும் கொட்டைகளும் போட்டு வைத்திருப்பார். இதெல்லாம் நம் வழக்கம் இல்லையே என்று தள்ளி வைக்காதீர்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள்.

வாசலில் ஸ்டார் கட்டாத கிறிஸ்துமஸ் எங்களுக்குக் கிறிஸ்துமஸே இல்லை. நல்லவேளையாக இது ஸ்டாருக்குப் பேர்போன மாநிலம். இங்கிருந்து கிழக்கே ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரின் பெயரிலேயே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மொராவிய சபை என்ற கிறிஸ்தவ சபையின் பள்ளியில் கணக்குப் பாடத்துக்காகச் செய்யத் தொடங்கியது. பேப்பர் ஸ்டாரில் 25 முனைகள். 17 முனைகளுக்கு அடிப்பாகம் சதுரம், 8 முனைகளுக்கு முக்கோணம். 26ஆவது முனைக்கான இடம் பல்பும் ஒயரும் போக. என் கணவரும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து, சின்னக் கிளிப்புகளால் ஒவ்வொரு முனையாக இணைப்பார்கள். எந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் எந்த முக்கோணம் என்று ஒரு சண்டை நடந்தே தீரும். ஊரில் அப்பா மூங்கில் சிம்பும் கலர் பேப்பரும் பசையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பிள்ளைகளுக்கு அப்போதுதான் சொல்வேன். சொல்லச் சொல்லக் கேட்பார்கள்.

ஒரு வருஷம் அம்மா வந்திருந்தார். 24 சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. ஆர்கன் வாசிக்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்து, "ஏம்மா, இது நம்ம ஞானப்பாட்டு ராகம்தானே?" என்றார். அதேதான். 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் ஐயர் போன்ற ஜெர்மன் மிஷனரிகள் இந்த ஜெர்மன் பாட்டுகளை, ராகத்தை மாற்றாமலே தமிழில் பாடும்படி ஆக்கித் தந்தார்கள். நம் லுத்தரன் கோயில்களில் இன்றும் பாடுகிறோம். அம்மா புத்தகம் இல்லாமலே எல்லா அடியும் தமிழில் பாடினார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு புல்ஸ்னிட்ஸுக்கும் போனோம். டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊர், மசாலா சேர்த்த பெஃபர்குஹன் ரொட்டிக்குப் பேர்போனது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் பிறந்தது அங்கேதான். அவர் தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் எங்கள் பொறையார் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். அந்தக் குளிரில் நின்றுகொண்டு அம்மா, "இங்கேயிருந்தா நம்ம ஊருக்கு வந்தாரு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த நாட்டை அந்நியம் என்று நான் நினைப்பதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

ஆக, 24ஐ இந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு 25ஐ நமக்கு வைத்துக்கொண்டோம். குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். ஊரில் காலை நாலரைக்கு ஆராதனை மணி அடிக்கும்போது இங்கே சரியாக நள்ளிரவு. பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்து வீடியோவில் சேர்ந்து ஜெபம் பண்ணுவோம். காலையில் புதுத்துணி, மட்டன் பிரியாணி. பட்டுப்பாவாடைக்குள் கம்பளிக் காலுறை போட்டுவிடுங்கள், மறுக்க மாட்டார்கள்.

பலகாரத்தில் அச்சுமுறுக்கை மட்டும் விடவே மாட்டேன். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை. அச்சை எண்ணெயில் நன்றாகச் சுட வைத்து மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும், மேல்விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. கரண்ட் அடுப்பில் சூடு சட்டென்று தணியாது, எண்ணெய் புகைவதற்குள் சட்டியை நகர்த்திவிடுங்கள். சுட்டதை ஒரு தட்டில் மாடி வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன். அவர் நவம்பரிலேயே சுட்டு ஊற வைத்திருந்த ஷ்டோலனில் பாதியை வெட்டித் தந்தார். வெண்ணெயும் திராட்சையுமாகக் கனத்த கேக், மெல்லிசாக வெட்டித்தான் சாப்பிட வேண்டும். அதற்கப்புறம் வருஷா வருஷம் தட்டு போவதும் வருவதும்தான்.

கடைசியாக ஒன்று. 24ஆம் தேதி மதியம் 2 மணிக்குள் கடைகளை மூடிவிடுவார்கள், 25, 26 இரண்டு நாளும் லீவு. துருக்கிக் கடையில் கறியை 23ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் அச்சுமுறுக்கு அச்சைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.