மூன்றாவது ஊசி விட்டுப்போனால் முதலிலிருந்து போட வேண்டுமா?

கேள்வி: தொண்டியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டேன். பிரசவம், கைக்குழந்தை என்று மூன்றாவது விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா? இன்னொன்று: எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்காவுக்குப் பத்து நாளைக்கு முன்பு குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி குத்திவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியவில்லை. அவர் இந்தத் தடுப்பூசி போட்டதே இல்லை.

பதில்: முதலில் அந்த அக்கா. உங்களுடையது அவ்வளவு அவசரமில்லை.

அவருக்கு இன்றே முதல் டோஸ் போடுங்கள். குத்திய 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) போட்டிருக்க வேண்டும்; உடல் எடையில் கிலோவுக்கு 0.06 மி.லி. என்பது அளவு. ஏழு நாள் தாண்டினால் அதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கான 72 மணி நேரமும் போய்விட்டது. ஆகவே தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை இரண்டும்தான் மிச்சம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றையும் இப்போதே பாருங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். நடுவில் பசி குறைந்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கீழாநெல்லி குடித்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்த விடாதீர்கள்.

"காய்ந்துபோன ஊசிதானே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். தடுப்பூசி போடாதவர்களை நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 100-க்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்றும். எச்.ஐ.வி.யில் அது 1000-க்கு 3. நாம் பயப்படுவது ஒன்றுக்கு, அதிகம் தொற்றுவது இன்னொன்று. இனி யாருக்காவது குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பிதுக்குவது, வாயில் வைத்து உறிஞ்சுவது, பிளீச்சிங் ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

உங்களுக்கு மூன்றாவது டோஸ் மட்டும் போதும். போட்ட இரண்டும் வீணாகவில்லை. உடம்பு அவற்றை மறப்பதில்லை. 1 மி.லி., மேற்கைத் தசையில். இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிவிடும், எதிர்ப்புச் சக்தி சரியாக வராது. முந்தைய டோஸ் இடுப்பில் போட்டதாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைசி டோஸுக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்டி எச்.பி.எஸ். டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று காட்டும் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது, பூஸ்டர் தேவையில்லை. குறைவாக இருந்தால் இன்னொரு முறை மூன்று டோஸ் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் ஏறாதவர்களுக்கு முதலில் ஹெபடைடிஸ் பி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், ஊசி குத்தும்போது அவர்களைக் காப்பது இம்யூனோகுளோபுலின்தான். பலரும் இந்தப் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

மருந்தை ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவீர்கள் என்றால் ஒரு விஷயம். மீன் பெட்டிக்கு ஐஸ் அடுக்குவதுபோல அடுக்கக் கூடாது. மீனுக்கு ஐஸ் கூடக் கூட நல்லது. இந்த மருந்து உறைந்தால் செத்துவிடும். 2 முதல் 8 டிகிரிதான் இதற்கு. ஐஸ் பேக்கை வெளியே எடுத்துவைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரை பொறுத்துப் பிறகு அடுக்குங்கள். குப்பி நேராக ஐஸில் படக்கூடாது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேல்தட்டு, ஃபிரீசருக்குப் பக்கத்தில், வேண்டாம். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பாருங்கள். நல்ல மருந்து ஒரே சீராகப் பால்போலக் கலங்கியிருக்கும். உறைந்து உருகியதில் திரிதிரியாகத் தெரியும், சீக்கிரம் அடியில் படியும். அதைப் போடாதீர்கள்.

செலவு யாருடையது? 2016-ம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி, கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. அக்காவின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இந்த ஊசி நாடு முழுவதும் கிடைத்தது 2011-க்குப் பிறகுதான். அவர் வயதில் யாருக்கும் சின்ன வயதில் போட்டிருக்க வாய்ப்பில்லை. ஊசி குப்பைப் பைக்குள் போனது எப்படி என்றும் கேளுங்கள். மூடியைத் திரும்பப் போடாமல், நீடில் கட்டரில் வெட்டி, துளைக்காத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும். டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

அக்காவுக்கு அடுத்த டோஸ் ஒரு மாதத்தில், மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில். தேதியும் பேட்ச் எண்ணும் எழுதிய அட்டையை அவர் கையிலேயே கொடுங்கள். நாளைக்கு வேறு மருத்துவமனைக்குப் போனாலும் அங்கே காட்டலாம்.