பூம் லிஃப்டில் பெல்ட் போட்டால் போதாதா?

நீண்ட கையின் நுனியில் இருக்கும் கூடையில் ஆளை உயரே தூக்கும் வண்டிதான் பூம் லிஃப்ட். அதைப் பற்றிக் காட்பாடியில் கட்டட வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். போதாது. பெல்ட் கயிற்றைக் கூடைக்குள் அதற்கென்றே இருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். பலர் கைப்பிடிக் கம்பியில் மாட்டுகிறார்கள். சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் மேலே கூடை கவண் மாதிரி ஆளை வீசிவிடும்.

நான் முதலில் மண்ணைத்தான் பார்ப்பேன். பாலாற்றுப் பக்கம் குழாய்க்குத் தோண்டி மணல் போட்டு மூடிய இடம் கெட்டித் தரை போலவே தெரியும். வண்டி ஏறினால் உள்வாங்கும்.

அப்புறம், தலைக்கு மேல் பீம். அதற்கும் கூடையின் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே நெஞ்சு சிக்கினால் கத்தக்கூட முடியாது. அதனால் கீழே ஒருவர் நிற்க வேண்டும். அவசரமாக இறக்கும் லீவரை அவர் காலையிலேயே இயக்கிப் பார்த்திருக்க வேண்டும். டீ வாங்க அவரை அனுப்பாதீர்கள்.