டீமில் யாரும் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை, வேலையும் ஒரே ஆளிடம் தேங்குகிறது. என்ன செய்யலாம்?

டீம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் ஐடிக்காரராகத்தான் இருப்பீர்கள். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தவன். "தையலும் சாப்ட்வேரும் ஒன்றா?" என்று சண்டைக்கு வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் லைனில் டீ ஷர்ட்டின் அடியை மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷினை ஒரே ஒரு அக்காதான் சுத்தமாக ஓட்டுவார். ஷிப்மெண்ட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஊரில் ஒரு சாவு என்று போய்விட்டார். முந்தின மிஷினான ஓவர்லாக்கிலிருந்து வந்த பண்டில்கள் அந்த மிஷினைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டன. செக்கிங் டேபிளில் நான்கு பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி என்னைக் கேட்டதை இங்கே எழுத முடியாது.

அக்கா திரும்பி வந்ததும், யாருக்காவது சொல்லிக் கொடுங்கள் என்றேன்.

"சொல்லிக் குடுக்கற நேரத்துல எத்தனை பீஸ் ஓட்டுவேன் தம்பி? அந்தக் காசை யாருங்க குடுப்பா?"

சுருக்கென்று இருந்தது. முடித்த வேலையை மட்டும் எண்ணி அப்ரைசல் போட்டால் உங்கள் ஆபீஸும் பீஸ் ரேட்தான்.

முதலாளியைப் பத்து நாள் நச்சரித்து, தினமும் சாயங்கால டீக்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அக்காவுக்கு வழக்கமாக விழும் காசைக் கொடுக்க வைத்தேன். கைமடியாக, அதாவது டைலருக்குக் கூடமாட உதவும் ஹெல்பராக இருந்த ஒரு பெண் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். நான் அவசரப்பட்டு முதல் நாளே ஆர்டர் துணியைக் கொடுத்துவிட்டேன். நாற்பது பீஸில் தையல் அலையலையாகப் போய் டேமேஜ். தப்பு என்னுடையது. அப்புறம் இரண்டு வாரம் கட்டிங் வேஸ்ட்டில் மட்டும்தான். அக்கா தைத்துக் காட்டுவார். துணியை ஏன் அப்படிப் பிடிக்கிறோம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தைக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களுக்கு இந்த முறையைத்தான் பழக்கினார்களாம். ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக் கொடுத்தவர்தான் சரியில்லை என்பது அவர்கள் கணக்கு. பின்னால் ஒரு ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சுவரில் ஒரு கரும்பலகையும் மாட்டினேன். இடப்பக்கம் பேர், மேலே மிஷின், கட்டத்துக்கு ஒரு வட்டம். கால் வட்டம் என்றால் பழகுகிறார், முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பார். எந்த மிஷினுக்குக் கீழே ஒரே ஒரு முழு வட்டம் இருக்கிறதோ அங்கேதான் அடுத்து மாட்டிக்கொள்ளப் போகிறோம். ஒரு மிஷின் முன்னால் இரண்டு பண்டிலுக்கு மேல் சேர்ந்தால், முந்தின மிஷின்காரர் நிறுத்திவிட்டு அங்கே கைகொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். முதல் வாரம் என்னைத் திட்டாதவர் இல்லை.

அந்த வருடம் டீம் பில்டிங் என்று ஆபீஸ் ஆட்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் பேப்பர் கப்பில் கோபுரம் கட்ட வைத்தார்கள். எனக்குத் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். அது தனிக்கதை, விடுங்கள்.

"பழக்கிவிட்டால் வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவார்களே" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். ஓடத்தான் செய்தாள். ஷிப்டுக்கு இருபது ரூபாய் அதிகம் என்று அந்தப் பெண் அடுத்த வருடமே பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போய்விட்டாள். அதற்குள் அவளே இன்னொரு கைமடிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.