மார்கரெட் சேஸ் ஸ்மித் அமெரிக்க செனட்டில் என்ன சாதித்தார்?

மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த மார்கரெட் சேஸ் ஸ்மித், பிரதிநிதிகள் சபை உறுப்பினரான கணவர் 1940இல் மறைந்தபின் அவரது இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1949 முதல் 1973 வரை செனட்டராக இருந்த அவரே இரு அவைகளிலும் பணியாற்றிய முதல் பெண்மணி. ஆயுதப்படைகளில் பெண்களுக்கு நிரந்தர இடம் தந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும், அவரது பெயரை நிலைக்கச் செய்தது 1950 ஜூன் 1 அன்று அவர் ஆற்றிய சுமார் 15 நிமிட உரைதான். கம்யூனிஸ்டுகள் என்று கண்டவர்மீதெல்லாம் பழிசுமத்திவந்த, அவரது கட்சியையே சேர்ந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அவையில் அமர்ந்திருக்க, அவர் பெயரை ஓரிடத்திலும் உச்சரிக்காமல், விமர்சிக்கவும், பலருக்குப் பிடிக்காத கருத்தைக் கொண்டிருக்கவும், எதிர்ப்புத் தெரிவிக்கவும், சுயமாகச் சிந்திக்கவும் குடிமக்களுக்குள்ள உரிமைகளை ஸ்மித் நினைவூட்டினார். அச்சம், அறியாமை, வெறுப்பு, அவதூறு ஆகியவற்றின் மீதேறித் தம் குடியரசுக் கட்சி வெற்றிபெறுவதைத் தாம் விரும்பவில்லை என்றார். எதிர்க்கட்சியைச் சாடுவதைவிட இதற்கே துணிச்சல் அதிகம் வேண்டும் என்பது என் கருத்து. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய அதிபர் ட்ரூமனின் அரசையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அந்த உரையோடு அவர் முன்வைத்த அறிக்கையில் உடன் கையொப்பமிட்டவர்கள் ஆறு சகாக்கள் மட்டுமே. மெக்கார்த்தி அவர்களைக் குள்ளர்கள் என ஏளனம் செய்ததோடு, ஸ்மித்தை விசாரணைத் துணைக்குழுவிலிருந்தும் நீக்கினார். 1954 டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்குகளில் மெக்கார்த்தியைக் கண்டித்தபோது, ஸ்மித்தும் கண்டனத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்.