சேர்ந்து எழுதும் கதை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆன்லைன் ரோல்பிளே பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு வந்த கடிதங்களிலிருந்து இவற்றை எடுத்திருக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கி, அந்தக் கேரக்டரின் பேச்சையும் செயலையும் மட்டும் மாறி மாறி எழுதிக்கொண்டே போவார்கள். அப்படியே கதை வளரும். நான் பல வருடமாக இப்படி எழுதுகிறேன். எங்கள் குழுவுக்கு மாடரேட்டராகவும், அதாவது விதிகளைப் பார்த்துக்கொள்பவராகவும், இருக்கிறேன்.

டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் ஒரு ரோல்பிளே சர்வரில் (குழுவில்) சேர்ந்தேன். என் கேரக்டரின் பக்கத்தை நீளமாக எழுதிப் போட்டேன். “யாராவது என்னோடு பிளாட் (கதைத் திட்டம்) போட வருகிறீர்களா?” என்று கேட்டால் இதயப் படம் விழுகிறது, ஆள் வருவதில்லை. என்ன செய்வது?
*கல்லூரி மாணவர், மதுரை*

தம்பி, ‘யாராவது’ என்று கேட்டால், வேறு யாராவது போவார்கள் என்றுதான் எல்லோரும் இருப்பார்கள். தவிர, கதையை யோசிக்கிற வேலை மொத்தமும் வருகிறவர் தலையில் விழுகிறது. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய கேரக்டர் பக்கத்தையும் அவர் கடைசியாக எழுதிய இரண்டு காட்சிகளையும் படியுங்கள். அந்தக் கேரக்டருக்கு எது இல்லை, எது இடிக்கிறது என்று பாருங்கள். அப்புறம் தனிச்செய்தி அனுப்புங்கள்.

எனக்கு வந்த ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறேன். எங்கள் குழுவின் கதை நடப்பது 1714ஆம் ஆண்டுத் தரங்கம்பாடியில். டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டிய ஊர். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கினார், 1712இல் அச்சு இயந்திரம் வந்தது, அடுத்த வருடம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. என் கேரக்டர் மரியான் ஒரு துபாஷி (மொழிபெயர்ப்பாளன்), கடனாளி. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எனக்கு இப்படி எழுதினார்:

“மரியானுக்குக் கடன் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். என் கேரக்டர் பொன்னியின் அப்பா அச்சுக்கூடத்தின் காகிதக் கிடங்குக்குக் காவல். கடனை அடைக்க மரியான் அங்கிருந்து இரண்டு கட்டுக் காகிதத்தை நகர்த்தியிருந்தால்? அதைப் பொன்னி பார்த்திருந்தால்? திருட்டு வேண்டாம் என்றால், தனக்கு வந்த ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிப் பொன்னி மரியானைத் தேடி வரலாம். எது பிடித்திருக்கிறது?”

என் பக்கத்தை அவர் படித்திருப்பது முதல் வரியிலேயே தெரிந்தது. இரண்டு வழி கொடுத்திருந்தார், ஒன்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. அந்தக் காலத்தையும் படித்திருந்தார். தரங்கம்பாடியில் நிஜமாகவே காகிதத்துக்குத் தட்டுப்பாடு. அதை மிச்சம் பிடிக்க உள்ளூரிலேயே சின்ன அளவில் எழுத்து வார்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு கட்டு காணாமல் போனால் சும்மா விடுவார்களா? அன்று ராத்திரியே பதில் போட்டேன்.

நானும் என் தோழியும் எங்கள் கேரக்டர்களுக்கு முதல் சந்திப்பிலிருந்து பிரிவு வரை கூகுள் டாக்ஸில் பக்கம் பக்கமாகத் திட்டம் போட்டோம். வசனம்கூட எழுதி வைத்திருக்கிறோம். இப்போது காட்சியை எழுத உட்கார்ந்தால் இருவருக்குமே கை ஓடவில்லை.
*வாசகி, கோவை*

எப்படி ஓடும்? அந்தக் கதையைத்தான் நீங்கள் இருவரும் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டீர்களே. இனி எழுதுவது நகல் எடுக்கிற வேலை. ரோல்பிளேயில் ஆர்வத்தோடு இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திட்டத்தில் மூன்று விஷயம் முடிவானால் எனக்குப் போதும். இரண்டு கேரக்டருக்கும் இப்போது என்ன பழக்கம்? ஒருவரிடமிருந்து மற்றவருக்கு என்ன வேண்டும்? யார் எதை மறைக்கிறார்? மரியான், பொன்னி கதையில் நாங்கள் பேசி வைத்தது இவ்வளவுதான்: இருவருக்கும் முகப்பழக்கம் உண்டு, பேசியதில்லை. திருட்டு வெளியே தெரியாமல் இருக்க வேண்டும், அது மரியானின் தேவை. அப்பாவின் வேலை போகாமல் இருக்க வேண்டும், அது பொன்னியின் தேவை. தான் பார்த்ததை அவள் மறைக்கிறாள். அவள் காட்டிக்கொடுப்பாளா, அவன் கட்டுகளைத் திருப்பி வைப்பானா என்பதை நாங்கள் பேசவே இல்லை.

முதல் காட்சி கோட்டைக்கு வெளியே, கடற்கரையில். மரியான் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் கிடங்கைப் பற்றி விசாரிக்கிறான். “நீ பண்ணியதைப் பார்த்தேன்” என்று பொன்னி சண்டைக்கு வருவாள் என நான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் எழுதி அனுப்பியது இது:

‘பொன்னி வலையில் சிக்கிய பாசியை எடுத்தபடியே சொன்னாள்: “அப்பாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது. கட்டு எத்தனைன்னு இனிமே நான்தான் எண்ணுறேன்.”’

வேலையை நிறுத்திவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மிரட்டுகிறாளா, கூட்டுச் சேரக் கூப்பிடுகிறாளா? எனக்கே தெரியாததால் மரியானுக்கும் நிஜமாகவே தெரியவில்லை. அவன் தடுமாற்றத்தை நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. திட்டத்தில் வசனம் வரை எழுதி வைத்திருந்தால் அந்த வரி பிறந்தே இருக்காது.

நீங்கள் எழுதியதைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் சந்திப்பு வரைக்கும் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். பிரிவையும் வசனங்களையும் வேறு கோப்புக்கு மாற்றிவிடுங்கள், இரண்டு பேரும் அதைத் திறக்க வேண்டாம். தோழியிடம் சொல்லிவிட்டு, பிரிவதா வேண்டாமா என்பதைக் கேரக்டர்களிடமே விடுங்கள். இந்த வாரத்துக்குள் முதல் போஸ்ட் போய்விடட்டும், தள்ளிப்போட்டால் மறுபடி திட்டத்துக்குள்தான் போவீர்கள்.

ஆனால் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டியவையும் உண்டு. மரணம், உறுப்பு இழப்பு, கர்ப்பம், சித்திரவதை என்று அடுத்தவர் கேரக்டரை நிரந்தரமாக மாற்றுகிற எதையும் கேட்காமல் செய்யக் கூடாது. மொத்தக் குழுவையும் பாதிப்பதை மாடரேட்டரிடம் கேட்க வேண்டும். எங்கள் குழுவில் வரலாற்றை அசைக்க மாட்டோம். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தாக வேண்டும், அதனால் அச்சுக்கூடத்தை யாரும் கொளுத்த முடியாது. இப்படி ஒரு வேலி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. காகிதம் எப்படியோ வந்து சேரும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குள் யார் மாட்டுவார் என்பதுதான் தெரியாது.

இது இப்போது வந்த மோகமா?
*வாசகர், சேலம்*

இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது 1974இல். கணினியில் பலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் ‘மட்’ 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதியது. டிஸ்கார்ட் வந்தது 2015இல்தான்.

சண்டைக் காட்சியில் என் கேரக்டர் அடிவாங்கி விழுந்ததாக எதிரே எழுதுபவரே எழுதிவிட்டார். கேட்டால் “கதைக்குத் தேவை” என்கிறார். என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.
*வாசகர், யாழ்ப்பாணம்*

ஏற்றுக்கொள்ள வேண்டாம். பவர்பிளே, காட்மோடிங் என்று சொல்லி எல்லாக் குழுக்களும் தடுப்பது இதைத்தான். உங்கள் கேரக்டரின் உடம்பும் மனசும் உங்கள் பொறுப்பு. அவர் எழுதியிருப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘வேலன் வீசிய கத்தி கபீரின் தோளில் இறங்கியது. கபீர் வலி தாங்காமல் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான்.’

அவர் இப்படி எழுதியிருக்க வேண்டும்:

‘வேலன் கபீரின் தோளைக் குறிவைத்துக் கத்தியை வீசினான். வீசிய வேகத்தில் அவன் இடக்கால் ஈரத் தரையில் வழுக்கியது.’

கத்தி பட்டதா என்பதை கபீரை எழுதுபவர் சொல்வார். வழுக்கிய கால் அவருக்கு ஒரு திறப்பு. சண்டை எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு போஸ்டிலும் எதிராளி பிடித்துக்கொள்ள இப்படி ஒன்றை விட்டு வைப்பார்கள்.

கதைக்கு வெளியே, தனிச்செய்தியில் பேசுங்கள். கதைக்குள்ளேயே பழிவாங்கும் போஸ்ட் போடாதீர்கள், அது இரண்டே சுற்றில் கெட்டுப்போகும். “கபீர் தோற்பதில் எனக்குச் சம்மதம், எப்படித் தோற்கிறான் என்பதை நான் எழுதுகிறேன், அந்தப் போஸ்டை மாற்றித் தருகிறீர்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். மறுத்தால் மாடரேட்டரிடம் போங்கள். இனி அவரோடு சண்டை எழுதினால், யார் ஜெயிப்பது, அடி எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

என் கேரக்டருக்குச் சென்னையில் இருக்கும் ஒருவரின் கேரக்டரோடு நிச்சயதார்த்தம் நடந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு வரி எழுதவில்லை. கதை அப்படியே நிற்கிறது.
*வாசகி, டொரன்டோ*

முதலில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், “தொடர விருப்பமா, நிறுத்திக்கொள்ளலாமா? எதுவானாலும் சரி” என்று மட்டும் எழுதுங்கள். தேர்வோ உடம்போ எதுவாகவும் இருக்கலாம். கோடையில் உங்களுக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நீங்கள் எழுதுகிற சாயங்காலம் அவருக்குப் பொழுது விடிகிற நேரம். அதுவே சிலரைச் சோர வைத்துவிடும்.

உங்கள் குழுவின் விதியில் உள்ள அவகாசம் வரை காத்திருந்துவிட்டு, மாடரேட்டரிடம் சொல்லி உங்கள் கேரக்டரை நகர்த்துங்கள். மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கிறார், கடிதம் இல்லை என்று வையுங்கள். அவரைக் கொன்றுவிடாதீர்கள், கெட்டவராகவும் ஆக்காதீர்கள். அது அவர் உருவாக்கிய ஆள், அவர் திரும்பி வரலாம். அந்தக் காத்திருப்பைப் பார்த்துவிட்டு உங்கள் கேரக்டரிடம் வந்து பேச இன்னொரு கேரக்டர் கிடைத்தால், அங்கிருந்தே புதுக் கதை தொடங்கும்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. ராத்திரியில் யாரோ முகம் தெரியாதவர்களோடு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தச் சொல்லட்டுமா?
*ஒரு தாய், திருச்சி*

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள், ஒளித்து எழுத ஆரம்பிப்பாள், அதுதான் ஆபத்து. அவளோடு உட்கார்ந்து அவள் எழுதும் குழுவின் விதிகளைப் படியுங்கள். டிஸ்கார்ட் என்றால், அதில் சேரவே பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், வயது வந்தோருக்கான சேனல்கள் பதினெட்டுக்கு மேல். நல்ல குழு இதோடு நிற்காது. பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களின் கேரக்டர்களோடு பெரியவர்கள் காதல் கதை எழுதக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கும்.

கதையில் எதெல்லாம் வரவே கூடாது, எதெல்லாம் காட்டாமல் கடந்துபோக வேண்டும் என்று முதலிலேயே பட்டியல் போடும் வழக்கமும் உண்டு. ரோல்பிளே வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் சொன்ன முறை அது, முதலாவதைக் கோடு என்றும் இரண்டாவதைத் திரை என்றும் சொல்வார்கள். ஜான் ஸ்டாவ்ரொபோலஸ் கொண்டுவந்த ‘எக்ஸ் கார்டு’ என்று இன்னொன்று. காட்சி பிடிக்கவில்லை என்றால் ஒரு எக்ஸ் போட்டால் போதும், காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். மகளுடைய குழுவில் இவை இருக்கின்றனவா என்று அவளையே கேளுங்கள். இல்லையென்றால் வேறு குழு பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர், பள்ளி, ஊர், போட்டோ எதையும் தரக்கூடாது. தனியாக வேறு ஆப்புக்கு வா என்று யார் கூப்பிட்டாலும், கதை பேச்சு சொந்தப் பேச்சாக மாறினாலும், உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன் என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். எல்லை மீறினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். ராத்திரி எழுதுவதற்கு, அவள் கேரக்டர் பக்கத்திலேயே “பத்து மணிக்கு மேல் பதில் வராது” என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் பலர் அப்படிப் போட்டிருக்கிறார்கள், கூட எழுதுபவர்கள் காலையில்தான் பதில் எதிர்பார்ப்பார்கள்.