ரிப்போர்ட்டில் 'ஆர்' வந்துவிட்டால் இனி மருந்தே கேட்காதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது, சுகர் உண்டு. சளி, இருமல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை வாங்கிக் கொடுப்போம். 2022-இல் எடுத்த சளி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு அந்த மருந்து 'எஸ்' (கேட்கும்). போன மாதம் அதே கிருமிக்கு 'ஆர்' (கேட்காது). இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. நிமோனியா வந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாதா? - வாசகி, பெரம்பூர்

பதில்: செய்யும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் என்ற வேறு இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு நேராக 'எஸ்' என்றுதான் இருக்கிறது. ஒரு வரியைப் பார்த்துப் பயந்து மற்ற வரிகளை விட்டுவிட்டீர்கள்.

அப்பாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிடவில்லை. எதிர்ப்பு கிருமியிடம் இருக்கிறது. நிமோகாக்கஸில் சுமார் 100 வகைகள் உண்டு. தொண்டைக்கு வரும், சில வாரமோ மாதமோ இருக்கும், போய்விடும். 2022-இல் வந்ததும் இப்போது வந்ததும் வேறு வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே ஆளின் இரண்டு ரிப்போர்ட்டை வைத்து 'எதிர்ப்பு ஏறுகிறது' என்று சொல்ல முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கான மாதிரிகளை வருடா வருடம் ஒரே முறையில் சோதிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் அதைச் செய்கிறது. ஆனால் அந்த அறிக்கைகளில் பயமுறுத்தும் எண்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் ஐசியூவில் கிடைக்கும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற வேறு கிருமிகள் பற்றியவை. வீட்டில் இருமுகிறவருக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்காதீர்கள். எதிர்ப்பு ஏறுவதாகக் காட்டும் பழைய கிராஃப்களையும் அப்படியே நம்ப வேண்டாம். 2008-இல் நிமோகாக்கஸுக்கான பென்சிலின் அளவுகோலே மாற்றப்பட்டது. நிமோனியாவைப் பொறுத்தவரை, முன்பு 'ஆர்' என்று எழுதப்பட்ட பல கிருமிகள் அதன்பின் 'எஸ்' கணக்கில் வந்தன.

எனக்குக் கோபம் வருவது அந்த மூன்று மாத்திரைமேல்தான். பெரும்பாலான சளி, இருமல் வைரஸால் வருவது. அசித்ரோமைசின் அதைத் தொடவே தொடாது. ஆனால் தொண்டையில் சும்மா இருக்கும் கிருமிகளைத் தொடும். 2007-இல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்கு இந்த மருந்தை ஒரே ஒரு கோர்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புள்ள கிருமிகளின் பங்கு சட்டென்று ஏறியது, ஆறு மாதம் ஆகியும் முழுதாக இறங்கவில்லை. உங்கள் வீட்டில் அது இறங்குவதற்குள் அடுத்த கோர்ஸ் வந்திருக்கும். மருந்துச்சீட்டு இல்லாமல் இனி வாங்கவே வாங்காதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது அப்பாவின் மூச்சை. சுகர் உள்ள முதியவர்களுக்கு நிமோனியா வந்தாலும் சில சமயம் காய்ச்சலே அடிக்காது. அவர் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சரி. 25-ஐத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 30-ஐத் தொட்டாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, திடீரென்று பேச்சு குழம்பினாலோ நள்ளிரவானாலும் மருத்துவமனைதான். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை சிகிச்சையைத் தள்ளக் கூடாது. முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் சளி கொடுக்க முடிந்தால் கொடுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளியாக இருக்கட்டும், எச்சில் உதவாது. இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் கூடவே கொண்டு போங்கள்.

அப்புறம், அடுத்த சுகர் செக்கப்பில் நிமோகாக்கல் தடுப்பூசி, வருடாந்திர ஃப்ளூ ஊசி இரண்டையும் பற்றிக் கேளுங்கள். அவர் வயதுக்கு இரண்டும் தேவை.