கேள்வி – பதில்: பாம் ஷெல்டரில் கிடைத்த ராலி கேம் எவ்வளவு பெறும்?

கேள்வி: வீட்டு பாம் ஷெல்டரை (நாங்கள் சாமான் அறையாக வைத்திருக்கும் பாதுகாப்பு அறை) ஒழித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பள்ளிக்காலத்தில் விளையாடிய ‘வி-ராலி 3’ என்ற கார்ப் பந்தய கேம் கிடைத்தது; கையடக்க விளையாட்டு இயந்திரமான கேம்பாய் அட்வான்ஸில் செருகும் கார்ட்ரிட்ஜ். அட்டைப்பெட்டியும் கையேடும் இருக்கின்றன. பெட்டியின் ஓரத்தில் பூஞ்சைப் புள்ளிகள். இதே கேமுக்குக் கேரோசெல் விற்பனைத் தளத்தில் ஒருவர் 180 வெள்ளி போட்டிருக்கிறார். கடையில் கேட்டால் 12 வெள்ளி என்கிறார்கள். அண்ணன், “நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டார். எந்த விலையை நம்புவது? ராலி கேம்களாகவே சேர்க்கவும் ஆசை. – வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். 180 வெள்ளி விற்பவரின் ஆசை. 12 வெள்ளி, கடைக்காரர் வாடகை, லாபம், பொருள் விலைபோகாமல் கிடக்கும் காலம் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு சொன்ன தொகை. அவரைக் குறைசொல்லவும் முடியாது. நீங்கள் தேட வேண்டியது, இதே பதிப்பு இதே நிலையில் உண்மையில் கைமாறிய விலையை.

ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டால் ஏறக்குறைய கடைசி 90 நாள் விற்பனைகள் தெரியும். தேடும்போது ‘கேம்பாய் அட்வான்ஸ்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வி-ராலி 3 பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகியவற்றுக்கும் வந்தது; அவற்றை உருவாக்கியவர்கள் ஈடன் ஸ்டூடியோஸ். உங்களிடம் இருப்பது விடி-டெவ் என்ற சிறு பிரெஞ்சுக் குழு உருவாக்கி, 2002இல் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்டது. அந்தக் குட்டி இயந்திரத்தில் முப்பரிமாணச் சாலையை ஓடவிட்டதுதான் இன்றும் இதைத் தேடுவோர் இருப்பதற்குக் காரணம். பெயர் ஒன்றானாலும் விலை வேறு.

விற்றவற்றில் மொத்தமாகக் கட்டி விற்றதையும் பிரிக்காத புதுப்பெட்டியையும் ஒதுக்குங்கள். விலை மேல் கோடு அடித்து ‘சலுகை ஏற்கப்பட்டது’ என்றிருந்தால் அதையும் விடுங்கள். உண்மையில் கொடுத்த தொகை அதைவிடக் குறைவு. மிஞ்சியதை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: கார்ட்ரிட்ஜ் மட்டும் விற்றது, பெட்டியோடு முழுமையாக விற்றது. ஒவ்வொரு குவியலிலும் விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். சராசரி வேண்டாம், இருவர் போட்டிபோட்டு ஏற்றிவிட்ட ஒரே ஏலம் சராசரியைக் கெடுத்துவிடும். கேம் விலைகளைத் தொகுத்துக் காட்டும் பிரைஸ்சார்ட்டிங் தளத்தையும் பார்க்கலாம், ஆனால் அரிதாக விற்கும் கேம்களில் அது காட்டும் ‘முழுமை’ விலை ஒன்றிரண்டு விற்பனையிலேயே ஏறி இறங்கும்.

இப்போதுதான் பூஞ்சைக்கு வருகிறோம். கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: கார்ட்ரிட்ஜ் மட்டும் 15 வெள்ளி, முழுமையானது 45 வெள்ளி என்று வருகிறது. அப்படியானால் பெட்டிக்கும் காகிதங்களுக்கும் 30 வெள்ளி. பூஞ்சை கடிப்பது இந்த 30ஐத்தான்; 15ஐத் தொடாது. ஓரத்தில் மங்கிய சில புள்ளிகள் என்றால் காகித மதிப்பில் கால்வாசியைக் கழிப்போம். அட்டை அலையாக வீங்கி வாடையும் அடித்தால் பாதிக்கு மேல் போய்விடும். ‘முழுமை’ என்று சொல்ல, கார்ட்ரிட்ஜைப் பிடித்துக்கொள்ளும் உள் அட்டைத் தட்டும் பாதுகாப்புக் குறிப்புச் சிறுநூலும் இருக்க வேண்டும். தட்டை நிறையப் பேர் தூக்கி எறிந்திருப்பார்கள். அது இல்லாமல் முழு விலை கேட்காதீர்கள், வாங்கும்போது கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன், பொருள் அசலா என்று பாருங்கள். ‘அப்போதே கடையில் வாங்கியது’ என்பது சான்றாகாது. 2000களின் தொடக்கத்தில் நம் வட்டாரத்தில் போலிக் கார்ட்ரிட்ஜ் தாராளமாகவே ஓடியது. போலி செய்பவர்கள் பெரும்பாலும் போக்கிமான் பின்னால்தான் போனார்கள், ராலி கேம்கள் பல-கேம் கார்ட்ரிட்ஜ்களில்தான் அதிகம் மாட்டும். இருந்தாலும் பார்த்துவிடுங்கள். முன்பக்க ஒட்டுத்தாளைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பினால் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் மெலிதாகத் தெரிய வேண்டும். ஏஜிபி (AGB) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசிப் பகுதி பதிப்பைக் காட்டும்: யுஎஸ்ஏ என்றால் அமெரிக்கா, ஜேபிஎன் என்றால் ஜப்பான். பெட்டியும் கார்ட்ரிட்ஜும் ஒரே பதிப்பா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். கேம்பாய் அட்வான்ஸுக்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது. எந்தப் பதிப்பும் ஓடும், விலைதான் மாறும். அடிப்பக்க வாய்க்குள் பார்த்தால் ஊசிகளுக்குச் சற்று மேலே பச்சைப் பலகையில் ‘நின்டெண்டோ’ என்று அச்சாகியிருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் மூன்று இறக்கை திருப்புளியால் பின் திருகைக் கழற்றுங்கள். சிப்புகளுக்குப் பதில் கறுப்புப் பிசின் உருண்டை இருந்தால் பெரும்பாலும் போலி.

கேம் சேமிக்கிறதா என்பதை ஒரே அமர்வில் முடிவுசெய்ய வேண்டாம். ஒரு பந்தயத்தை முடித்துச் சேமித்து, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, மறுநாள் போட்டுப் பாருங்கள். மலிவான போலிகளில் சேமிப்பு பேட்டரியை நம்பியிருக்கும். பேட்டரி தீர்ந்திருந்தால் அணைத்ததும் எல்லாம் போய்விடும்.

‘கேம்பாய்’ எழுத்து மட்டும் வந்து திரை அப்படியே நின்றால் பயப்படாதீர்கள், ஊசிகளில் அழுக்கு. 99 விழுக்காடு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து, ஊசிகளின் நீளவாக்கில் வெளிப்பக்கமாக இழுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள், ஐந்து நிமிடம் காயவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் அரிப்பைத்தான் கூட்டும். ரப்பர், உப்புத்தாள், பித்தளைப் பாலிஷ் மூன்றும் தங்கப் பூச்சைச் சுரண்டிவிடும்.

பெட்டியில் ஆல்கஹால் படவே கூடாது, மை கசியும். ஈரமான பூஞ்சையைத் துடைத்தால் அது அட்டைக்குள் இறங்கிவிடும் என்பதால் முதலில் காயவைக்க வேண்டும். கேமரா வைக்கும் உலர் பெட்டியில் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தி ஒரு வாரம் வையுங்கள். பூஞ்சை பொடியானதும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மற்ற பெட்டிகளுக்குப் பக்கத்தில் இல்லாமல் வெளித் தாழ்வாரத்தில், மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கறை கொஞ்சம் தங்கும். தங்கட்டும், வண்ணம் தீட்டி மறைக்க வேண்டாம். அப்படி மறைத்ததை வாங்குபவர் கண்டுபிடித்தால் பேரமே முறியும். பழைய கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் உரிக்காதீர்கள். சீட்டோடு அட்டையின் மேல்தோலும் வரும்.

மறுபடி பாம் ஷெல்டரில் வைக்காதீர்கள். காற்றோட்டமில்லாத அறை, ஊரின் ஈரப்பதமோ சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. உலர் பெட்டி வாங்க மனமில்லையென்றால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரமானி போதும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் மாற்றும் வேளை வந்துவிட்டது. பெட்டிக்கு உறை போட்டால் பெட் (PET) பிளாஸ்டிக்கில் போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

பொருளின் நிலையை மதிப்பிட்டுத் தரும் தரச்சான்றுக்கு அனுப்பலாம் என்று யாராவது ஆசைகாட்டினால், வேண்டாம். திறந்த பெட்டி, அதிலும் பூஞ்சை. போகவர அனுப்பும் செலவே கேமின் விலையைத் தின்றுவிடும்.

சேகரிப்புக்கு வருவோம். கேம்பாய் அட்வான்ஸ் ராலிகளில் ‘காலின் மெக்ரே ராலி 2.0’, ‘சேகா ராலி சாம்பியன்ஷிப்’, ‘டாப் கியர் ராலி’ மூன்றும் உங்கள் கேமுக்கு நல்ல கூட்டாளிகள். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், கேம்பாய் அட்வான்ஸ் முதல் மாடலின் வெளிச்சமில்லாத திரை கண்ணை வதைக்கும். அதற்குப் பின் வந்த, மடித்து மூடும் எஸ்பி மாடலில் ஏஜிஎஸ்-101 என்று கீழே எழுதியதைத் தேடுங்கள். அடி ஒட்டுத்தாளை மாற்றி ஒட்டி விற்பவர்கள் உண்டு, ஆகவே வெளிச்சப் பொத்தானை அழுத்துங்கள். வெளிச்சம் முழுதாக அணைந்தால் அது பழைய ஏஜிஎஸ்-001. 101இல் கூடும், குறையும், அணையாது. முந்தைய இயந்திரமான கேம்பாய் கலரின் ‘டாப் கியர் பாக்கெட்’டும் சுவையானது: அதிர்வு மோட்டார் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு ஒரு ஏஏஏ பேட்டரி போட வேண்டும். பேட்டரி மூடி இருக்கிறதா, உள்ளே வெள்ளைப் பொடி கசிந்திருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து வாங்கும்போது சார்ஜ் ஏற்றிய எஸ்பியைக் கையோடு கொண்டுபோய், ஒரு பந்தயம் ஓட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். இடது வலது தோள் பொத்தான்கள் வேலைசெய்கிறதா என்று உங்கள் இயந்திரத்திலேயே முன்கூட்டிச் சோதித்துவிட்டால் பழி கார்ட்ரிட்ஜ் மேல் விழாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கணக்கில் சேருங்கள். 2023 முதல், பதிவுபெற்ற தளங்கள் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் அதை வசூலிக்கின்றன. அஞ்சல் செலவும் வரியும் சேர்ந்தபின் உள்ளூர்க்காரர் கேட்கும் விலை சில சமயம் நியாயமாகவே தோன்றும். 180 மட்டும் அப்போதும் தோன்றாது.